ஓடுகிற பிள்ளைக்குத் தூக்கம் எதற்கு

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆள் பகலில் உள்ளே தூங்கினால், அவருடைய கம்பெனிச் சட்டையை வெளித் தாழ்ப்பாளில் மாட்டிவிடுவோம். சட்டை தொங்குகிற வீட்டுக் கதவை யாரும் தட்டமாட்டார்கள். கேஸ்காரர் சிலிண்டரை உருட்டாமல் தோளில் தூக்கிப் போவார். கீரைக்காரம்மா வாயை மூடிக்கொண்டு கடந்து, அடுத்த லைனுக்குப் போன பிறகுதான் குரல் கொடுப்பார். எங்களை ஏதாவது ஒன்று சொல்லாவிட்டால் சோறு இறங்காத வீட்டு ஓனரம்மாகூட, சட்டையைப் பார்த்துவிட்டால் தெலுங்கில் முணுமுணுத்தபடி திரும்பிவிடுவார். தமிழ், தெலுங்கு, கன்னடம், இப்போது இந்தியும் சேர்ந்து ஒரே குழாயடியில் சண்டை நடக்கிற இடம் இது. அந்தச் சட்டை மட்டும் எல்லாருக்கும் புரியும்.

எங்கள் பிள்ளைகள் விளையாடக் கற்றதே சத்தம் இல்லாமல்தான். மூன்று வயதுக் குழந்தைகூட, யாராவது கண்ணை மூடிப் படுத்திருந்தால் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்று நம்மை அதட்டும். அப்படி வளர்த்திருக்கிறோம்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் பிரஸ் மிஷினில் நிற்கிறவர். ஒரு நொடி கண் சொருகினால் கை போய்விடும். அவர் கம்பெனியில் ஒரு ஷிப்ட் முடித்த ஆளை அடுத்த ஷிப்டுக்கு நிற்க விடுவதில்லை. ஆள் குறைந்தாலும் சரி, ஆர்டர் தலைக்கு மேல் போனாலும் சரி, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வா என்றுதான் சொல்வார்கள். சேஃப்டி கிளாசில் அதைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். இரும்பைத் தட்டுகிறவனுக்குத் தூக்கம் வேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரியும். ஓடுகிற பிள்ளைக்கும் அது வேண்டும் என்று மட்டும் ஒரு பெரிய மனிதருக்கும் உறைக்கவில்லை. என் வயிற்றெரிச்சல் அதற்குத்தான்.

என் மகள் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். ஒன்பதாம் வகுப்பு. யாரும் சொல்லிக்கொடுத்து ஓட ஆரம்பிக்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள், பெரிய வகுப்புப் பெண்களைத் தாண்டி வந்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. பக்கத்து மாவட்டத்தில் ஒரு விளையாட்டு விடுதி இருக்கிறது. செம்மண்ணிலும் சரளைக் கல்லிலும் ஓடாமல், ரப்பர் போட்ட டிராக்கில் ஓடலாம். அங்கேயே தங்கிப் படிக்கலாம். அதில் சேர வேண்டுமானால் மாவட்டப் போட்டியில் பேர் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வைக்கிற தேர்வில் ஓடிக் காட்ட வேண்டும். சோறு, துணி, சினிமா எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அந்த டிராக்கில் வந்துதான் நிற்பாள்.

அவளுடைய நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். இருட்டு விலகும் முன்னே கிரவுண்டில் நிற்க வேண்டும். அது முடிந்து ஓடி வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நின்றபடியே தோசையை வாயில் அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி கிரவுண்ட். பிறகு ஸ்பெஷல் கிளாஸ், ஏனென்றால் ஒன்பதிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள், புண்ணியவான்கள். வீட்டுக்கு வந்தால் வீட்டுப்பாடம். கம்பெனிப் பேச்சில் சொன்னால் இதற்குப் பெயர் டபுள் டூட்டி. பெரிய ஆளை இப்படி நிற்கவைத்தால் யூனியன் கொடி பிடிக்கும். பிள்ளையை நிற்கவைத்தால் பாராட்டுகிறார்கள்.

சாம்பார் சோற்றில் கையை வைத்தபடி தூங்கிப்போவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தூங்குவாள். ஒருநாள் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டே தூங்கி, கண்ணில் வழிந்து அலறினாள். கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள், ஓட்டத்தை நிறுத்துங்கள் என்றார். பி.டி. சார், படிப்பு எங்கே போகிறது, முதலில் ஓட்டத்தைப் பாருங்கள் என்றார். ஓட்டமும் நிற்கவில்லை, படிப்பும் நிற்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அவள் தூக்கத்தைத்தான் நிறுத்தினார்கள்.

பிறகு காலில் வலி வந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில். எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னார் பி.டி. சார். உருவினால் துடித்தாள். டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டதே வேறு.

"எத்தன மணி நேரம் தூங்கறா?"

நான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வளர்ற பொண்ணுங்க. ஓடி ஓடி எலும்பு தேயறத ஒடம்பு தூக்கத்துலதான் சரி பண்ணும். அந்த நேரத்தையே நீங்க குடுக்கலன்னா நான் எந்த மாத்திரைய எழுதறது?"

மறுநாளே பி.டி. சாரைப் பார்க்கப் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கெலமங்கலத்திலிருந்து இருட்டில் பைக்கில் வந்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்பதைக் கன்னடத்தில் "பேக, பேக" என்று விரட்டி, தமிழில் திட்டி, பிள்ளைகளோடு தானும் ஓடுகிற மனுஷன். வாரத்தில் சில நாளாவது காலை ஓட்டத்தை விட்டுவிடுங்கள், தூங்கட்டும் என்று கேட்டேன்.

"மேடம், தூங்கி ஜெயிச்சவன் எவன் இருக்கான், சொல்லுங்க" என்றார்.

"தூங்காம ஜெயிச்சவங்க யாரு சார்? எனக்கு ஒருத்தரக் காட்டுங்க."

"நானே தினம் எத்தன மணிக்கு எந்திரிக்கறேன் தெரியுமா? இத்தன வருஷமா ஒருநாள் லேட்டா வந்ததில்ல. ஒடம்ப நாமதான் பழக்கணும். இடம் குடுத்தா அது கேட்டுக்கினே இருக்கும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணைச் சுற்றிக் கருவளையம், பேசும்போதே ஒரு கொட்டாவி. தன் தூக்கத்தைத் தின்றதையே பெருமையாகச் சொல்கிற மனுஷனிடம் என்ன பேச? உங்கள் உடம்பை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் கெடுத்துக்கொள்ளுங்கள் சார், என் மகள் உடம்பை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. போட்டிக்குப் பேர் கொடுக்கிறவர் அவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாவட்டப் போட்டி கிருஷ்ணகிரியில் நடந்தது. அதற்கு முந்தின நாள் மாலை, பிள்ளைகளை இருட்டும்வரை பள்ளியில் நிறுத்திவைத்து அணிவகுப்புப் பயிற்சி. கை எவ்வளவு உயர வேண்டும், கால் எப்போது திரும்ப வேண்டும் என்று. மறுநாள் விடியும் முன்னே வேன். ஓடப்போகிற பிள்ளைக்கு முந்தின ராத்திரிதான் தூக்கம் முக்கியம் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கல்யாணப் பெண்ணைக்கூட முந்தின நாள் சீக்கிரம் படு என்று அதட்டுகிறோம்.

அன்று காலை எனக்கு வேலை. நான் ஒரு சின்ன கம்பெனியில் பாகங்களைச் சரிபார்க்கிறவள். எண்ணூறு மீட்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்று சொல்லியிருந்ததால், அரை நாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு, எலுமிச்சம் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குள் நடந்ததைப் பிறகு பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறியது. வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தன. விழுந்தவர்களைத் தூக்கிப்போய் நிழலில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் வேறு பிள்ளைகளை நிறுத்தினார்கள். வரிசை அழகாக இருக்க வேண்டுமாம். கடைசியில் அவர் வந்தார், கொடி ஏற்றினார், பேசினார். உடம்பைப் பேணுவது பற்றித்தான் பேசினாராம்.

வரிசை கலைந்ததும் என் மகள், நம் ரேஸ் மத்தியானம்தானே என்று, பந்தலுக்குப் பின்னால் ஒரு புங்க மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். அவள் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்தது பக்கத்து வீட்டுப் பெண். பழக்கடை பாய் என்று எங்கள் லைனில் எல்லாரும் கூப்பிடுகிறவரின் மகள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே ரிலே அணி, ஒரே குழாயடியில் வளர்ந்தவர்கள். சத்தம் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்த பிள்ளைகளையெல்லாம் அவள் சைகை காட்டி விரட்டியிருக்கிறாள். முகத்தில் ஈ உட்காராமல் அட்டையால் விசிறிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இதற்கிடையில் விருந்தினருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது. போவதற்குள் ஒரு ஓட்டப்பந்தயம் பார்க்க வேண்டும் என்றாராம். உடனே பெண்கள் எண்ணூறு மீட்டரை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். மைக்கில் சொன்னார்களா என்றால், சொன்னார்கள், மாலை மரியாதைக்கு நடுவில் ஒரே ஒரு தடவை. பி.டி. சார் மேடைக்குக் கீழே, பொன்னாடை எடுத்துக் கொடுக்கிற வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

பேட்ஜ் குத்திய ஒரு பெண்ணை, ஓடவேண்டியவர்களைத் தேடிக் கூட்டிவர அனுப்பினார்கள். பதினோராம் வகுப்புப் பெண். அவள் மரத்தடிக்கு வந்து என் மகள் பேரைச் சொல்லி, இருக்கிறாளா என்று கேட்டிருக்கிறாள். பாய் மகள் உதட்டில் விரலை வைத்து, "உஷ், தூங்கறாக்கா" என்றாள். ரேஸ் மத்தியானம்தான் என்று அவளுக்கு நினைப்பு. வந்த பெண்ணும் தலையை ஆட்டிவிட்டு, சருகு மிதிபடாமல் அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போய்விட்டாள். வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பியிருக்கும். அவள் யார் என்று பிறகு விசாரித்தேன். அவளும் ஓசூர், எங்களைப் போலவே லைன் வீடு.

நான் அவளிடமே கேட்டேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது இது.

"தூங்கறவங்கள எப்படி ஆன்ட்டி எழுப்பறது? எங்கப்பாவும் நைட் ஷிப்டுதான். அவ மூஞ்சப் பாத்தா ஒடம்பு முடியலன்னு நெனச்சிட்டேன். வரலைன்னு போய்ச் சொல்லிட்டேன்."

அந்தப் பிள்ளையை நான் என்ன சொல்ல முடியும்? தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

நான் மைதானத்துக்குள் போகும்போது ரேஸ் முடிந்து போயிருந்தது. என் மகள் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பாய் மகள் அவளைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தாள். பி.டி. சார் இருவர் முன்னாலும் நின்று, நாலு பள்ளிக்கூடம் வேடிக்கை பார்க்க, கத்திக்கொண்டிருந்தார்.

"தூங்குமூஞ்சி. ஊரே இங்க ஓட வந்திருக்கு, நீ தூங்க வந்தியா? ஒரு வருஷ உழைப்ப மரத்தடியில கொட்டிட்டியே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டு அவருக்கும் என் மகளுக்கும் நடுவில் போய் நின்றேன். பேர் கொடுக்கிறவராவது ஒன்றாவது.

"சார், நேத்து இவள எத்தன மணிக்கு வீட்டுக்கு அனுப்பினீங்க?"

"மேடம், அது டிரில் பிராக்டிஸ்..."

"காலைல எத்தன மணிக்கு வேன்ல ஏத்தினீங்க? எதுவரைக்கும் வெயில்ல நிக்க வச்சீங்க? வருஷம் முழுக்க தூக்கத்தப் புடுங்கினது நீங்க. அது இன்னிக்கு மரத்தடியில வந்து அவளப் புடுங்கிக்கிச்சு. இதுல அவ தப்பு என்ன இருக்கு?"

"எல்லாப் புள்ளைங்களும்தான் நின்னாங்க. மத்தவங்க தூங்கலையே."

"மத்தவங்களும் தூங்கலன்னு சொல்றது பெருமையா சார்?"

சுற்றி நின்ற வேறு பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் சமாதானமாக, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார். அவர்களுக்கு அடுத்த வருஷமும் போட்டி வரும், சம்பளம் வரும். பதினாலு வயது அடுத்த வருஷம் வராது. எலுமிச்சம் சோற்றை யாரும் தொடவில்லை.

இத்தோடு விட்டார்களா? திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், எழுப்பாமல் விட்டதற்குத் தண்டனையாகப் பாய் மகளை ரிலே அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த மைதானத்தில் இருந்த அத்தனை பெரியவர்களில் ஒரு பிள்ளையின் தூக்கத்தைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நினைத்தது அந்தச் சின்னப் பெண் ஒருத்திதான். தண்டனையும் அவளுக்கே. அவளுடைய அம்மா எனக்கு அக்கா மாதிரி. கதவோரம் நின்று, "எம்பொண்ணாலதானே உம்பொண்ணுக்கு இப்பிடி ஆச்சு" என்று அழுதார். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? மறுநாள் தலைமையாசிரியை அறைக்கு நேராகப் போனேன். என் பெண்ணின் ரேஸ் போனதற்கு நானே அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை, நீங்கள் யார் சொல்ல என்று கேட்டேன். இரண்டு பேரும் ரிலேயில் இருப்பார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் இருக்க மாட்டார்கள் என்றேன். தலைமையாசிரியை தண்ணீர் குடித்தார். பாய் மகள் அணிக்குத் திரும்பினாள்.

மாவட்டப் போட்டி கைவிட்டுப் போனதால், விடுதிக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி. அவர்களே வைக்கிற தேர்வு. அதில் ஓடிக் காட்டினால்தான் உண்டு. அதற்கும் நாள் குறித்துவிட்டார்கள். என் மகள் பேச்சைக் குறைத்துவிட்டாள். கால் வலித்தாலும் காலையில் இன்னும் கூடுதலாக ஓடப்போகிறேன் என்றாள்.

"ஓடு. ஆனா நான் சொல்றபடி" என்றேன்.

காலைக் கிரவுண்டை நிறுத்தினேன். பி.டி. சாரிடம் போய் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னேன். ஸ்பெஷல் கிளாசுக்கும் அப்படியே. அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவளைப் படுக்கவைத்துவிட்டு, என் வீட்டுக்காரரின் கம்பெனிச் சட்டையை எடுத்துக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டினேன்.

அந்த வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட். வெளியே நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் இங்கே நிற்க, சட்டை அங்கே தொங்க, லைனே குழம்பிப்போனது. ஓனரம்மா படியேறி வந்து சட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிள்ளையா தூங்குகிறது என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன். மோவாயில் கையை வைத்துக்கொண்டார். கடைசி வீட்டில் இருப்பவர், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே சீனியர் ஆபரேட்டர், அவர்தான் கேட்டேவிட்டார்.

"தப்பா நெனக்காதீங்கம்மா. கம்பெனி சட்டைக்குன்னு ஒரு மரியாத இருக்கு. சம்பாதிக்கற ஆம்பள தூங்கறதும் பள்ளிக்கூடத்துப் புள்ள தூங்கறதும் ஒண்ணா?"

"உங்களுக்குக் கையி வேணும், தூங்கறீங்க. அவளுக்குக் காலு வேணும், தூங்கறா. இதுல எது பெருசு, எது சிறுசு?"

"பொட்டப் புள்ளய இவ்ளோ சீக்கிரம் படுக்க வச்சா நாளைக்குப் போற எடத்துல என்ன சொல்லுவாங்க?"

"போற எடத்துல சொல்லட்டும். அதுவரைக்கும் தூங்கட்டும்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், நீயாவது சொல்லு என்பதுபோல. இவர் பொதுவாக வாயே திறக்காத மனுஷன். சிங்காரப்பேட்டைப் பக்கம் என் பிறந்த வீட்டில் இவருக்கு ஊமைக்கோட்டான் என்றே பேர். அன்று என்ன தோன்றியதோ, "தொங்கட்டும்ணா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இவர் மேல் இருந்த பழைய கோபமெல்லாம் எனக்கு ஆறிப்போனது.

முதல் சில நாள் ஜாடை பேசினார்கள். மகாராணி தூங்குகிறாள் என்று குழாயடியில் ஒரு சிரிப்பு. பிறகு ஒவ்வொரு வீடாக டி.வி. சத்தம் குறைந்தது. பாய் வீட்டு அக்கா மிக்சி போடுவதைச் சாயங்காலமே முடித்துக்கொண்டார். அவர் மகளும் அந்நேரத்துக்கே படுக்க ஆரம்பித்தாள். வாரம் போகப் போக என் மகளின் முகம் தெளிந்தது. நான் எழுப்பாமலே எழுந்தாள். சோற்றைத் தட்டில் வைத்தால் முழித்துக்கொண்டு தின்றாள். கால் வலி குறைந்தது. மாலை மட்டும்தான் ஓடினாள். காலையும் மாலையும் ஓடியபோது வராத வேகம் அந்த ஒரு வேளையில் வந்தது. பாய் மகள்தான் கைப்பேசியில் நேரம் பார்த்துச் சொல்லுவாள். சொல்லிவிட்டு அவளே நம்பாமல் மறுபடி பார்ப்பாள்.

தேர்வு நாளில் பி.டி. சாரும் வந்திருந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே "பேக, பேக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் சுற்றில் என் மகள் நடுவில் வந்தாள். இரண்டாம் சுற்றின் வளைவில் மற்றப் பெண்களுக்குத் தோள் தொங்கியபோது இவளுக்கு மட்டும் கால் விரிந்தது. அவள் கடைசி நூறு மீட்டரை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்கத் தோன்றாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

"எப்படி ஓடறா பாத்தீங்களா மேடம்? நான் போட்ட அஸ்திவாரம்" என்றார் பி.டி. சார். அவர் கண்ணில் நீர் வேறு. சிரிப்பதா, நாலு வார்த்தை கேட்பதா என்று தெரியாமல் நின்றேன். அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன்.

தேர்வுப் பட்டியலில் அவள் பேர் வந்தது. டிரங்குப் பெட்டி, வாளி, பாய், புது ஷூ எல்லாம் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போனோம். ரப்பர் டிராக்கைப் பார்த்ததும் என் மகள் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். குனிந்து உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தாள். நான் வார்டன் அறைக்குப் போனேன். நல்ல மாதிரியான அம்மாள். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பெருமையாக விடுதி ஒழுங்கைச் சொல்ல ஆரம்பித்தார்.

"இங்க டிசிப்ளின்தாம்மா முக்கியம். காலைல நாலரைக்கு விசில். அஞ்சுக்கு கிரவுண்ட்ல இருக்கணும். ஒரு நிமிஷம் லேட்டுன்னாலும் ரெண்டு ரவுண்டு எக்ஸ்ட்ரா. எட்டுக்கு டிபன், அப்புறம் ஸ்கூல், சாயங்காலம் மறுபடி கிரவுண்ட், அப்புறம் ஸ்டடி. பொண்ணுங்கள இரும்பு மாதிரி ஆக்கிடுவோம்."

"ராத்திரி எத்தன மணிக்குங்க படுக்க வைப்பீங்க?"

அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"ஸ்டடி முடியணும். துணி தொவைக்கணும். பாத்ரூமுக்கு வரிசையில நிக்கணும். அவங்கவங்க வேல முடிஞ்சதும் படுத்துக்குவாங்க."

"அது எத்தன மணிங்க?"

"அதுக்கெல்லாம் ரூல் இல்லம்மா. இதுவரைக்கும் எந்தப் பேரண்ட்டும் கேட்டதில்ல."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எழுப்புவதற்கு விசில் வைத்திருக்கிறார்கள், நிமிஷம் வைத்திருக்கிறார்கள், தண்டனை வைத்திருக்கிறார்கள். தூங்கவைக்க ஒரு நேரம்கூட வைக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுத் தூங்கவைத்து, கால் தேற்றி, ஓடவைத்து, கடைசியில் அவளை இங்கேயா கொண்டுவந்து விட வேண்டும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் எழுந்தேன். வாசலில் என் மகள் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளங்கையில் டிராக்கின் சிவப்புத் தூள்.

"நான் இங்கயே இருக்கறேம்மா" என்றாள் மெதுவாக.

வார்டன் பக்கம் திரும்பினேன்.

"அப்போ அந்த ரூல இன்னிக்குப் போடுங்க. ஒம்போது மணிக்கு வௌக்கு அணையணும். இவளுக்கு மட்டும் இல்ல, எல்லாப் புள்ளைங்களுக்கும். துணி தொவைக்கறத சாயங்காலத்துக்கு மாத்துங்க. அது வரைக்கும் நான் பஸ் ஏறமாட்டேன்."

"இதெல்லாம் நான் மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்லம்மா."

"யாரு முடிவு பண்ணுவாங்களோ அவங்களக் கூப்பிடுங்க. நான் இருக்கறேன்."

வராந்தாவில் வாளிகளோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லாருடைய கண்ணுக்குக் கீழேயும் அதே கருவளையம். அதில் ஆகச் சின்னவள், வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வார்டனுக்குக் கேட்காமல் இருக்க என் புடவை ஓரமாக வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, ஞாயித்துக்கெழமையும் அதே நாலரை விசில்தான், அதையும் சேத்துக் கேளுங்க" என்றாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.